அமிர்தவல்லி கொண்டுபோன பிடிமண்

ஆலங்குடிக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் பிச்சையின் மனைவி அமிர்தவல்லிக்குப் பயம் கூடவே பிறந்தது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் மூன்று முறை திருச்சிக்குப் போயிருக்கிறாள். மூன்று முறையும் இறங்கும்வரை பஸ் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. எஸ்கலேட்டரைக் கண்டால் படிக்கட்டு எங்கே என்று கேட்பாள். அப்பேர்ப்பட்ட மனுஷிதான் மொரீஷியஸுக்குத் தனியாகக் கிளம்ப வேண்டி வந்தது.

மகள் அருணா அங்கே இருந்தாள். மருமகன் நிலவழகனுக்கு அங்கே கட்டட வேலையில் சூப்பர்வைசர் உத்தியோகம். முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே தங்காமல் போயிற்று. இப்போது இரண்டாவது. நிறைமாதம், பிளேன் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ பக்கத்துல இல்லைன்னா நான் பொழைக்க மாட்டேம்மா" என்று போனில் அழுதாள். முதல் பிரசவத்துக்குப் போகவென்று எடுத்துவைத்த பாஸ்போர்ட் வீட்டில் அமிர்தவல்லிக்கு மட்டும்தான் இருந்தது.

மருமகன் தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "அத்தை, ரிட்டர்ன் டிக்கெட்டை பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கங்க, கேப்பாங்க. நம்ம வீட்டு அட்ரஸும் இருக்கணும். சுகர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேணும்." மறுநாள், "நான் வர லேட்டானா நீங்களா டாக்ஸியில ஏறிடாதீங்க. ஏறுறதுக்கு முந்தியே ரேட் பேசணும்." அதற்கு மறுநாள், "இங்க கடல்ல கல்லு மாதிரியே ஒரு மீன் கெடக்கும், மிதிச்சா வெசம். செருப்பில்லாம எறங்கக் கூடாது."

கடலில் இறங்கும் உத்தேசமே அவளுக்கு இல்லை. இருந்தாலும் அந்த மீனை நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி மெசேஜைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தான். "மண்ணு, வெதை, செடி, பழம் எதுவும் கூடாது அத்தை. பையத் தொறந்து பாப்பாங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து முருங்கை விதையை எடுத்தாள், கறிவேப்பிலையை எடுத்தாள். சந்தேகத்துக்குப் புளியையும் எடுத்தாள். ஆலங்குடி பிரவுசிங் சென்டர்காரன் அருள்மணி மொரீஷியஸில் கேட்கும் பாரத்தை நிரப்பும்போது, "மண்ணு ஏதாச்சும் கொண்டு போறீங்களாக்கா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றாள். அவள் அறிந்து சொன்ன பொய் இல்லை அது.

ஊரை விட்டுத் தூரமாகக் குடிபோகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். அந்தப் பிடிமண்ணோடு சாமியும் கூடவே போகும். முதல் பிள்ளை போனதற்கு அம்மாவும் மகளும் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான்: கடலைத் தாண்டிப் போனவள் இருக்கும் இடம் குலசாமி அய்யனாருக்குத் தெரியவில்லை. கோயில் பூசாரி மதுரைவீரன் ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். "போய்ச் சேருற வரைக்கும் கீழ வச்சிராத ஆத்தா" என்றார். மருமகன் வேண்டாம் என்றது மண்ணை. இது அய்யனார். ஆயிரத்தெட்டுப் பயம் குடியிருந்த அந்த மனசில் இதைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகமும் வரவில்லை. சென்னையிலிருந்து கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பறந்தாள்.

இறங்கிய இடத்தில் ஒரு பெண் அதிகாரி கைப்பையைத் திறந்தாள். மஞ்சள் முடிப்பைப் பிரித்தாள். செம்மண். அதிகாரி தன் மொழியில் போனிடம் எதையோ சொல்ல, போன் தமிழில் பேசியது. "இது மண்ணா? படிவத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்."

"மண்ணு இல்லம்மா, எங்க அய்யனாரும்மா."

போன் அதை எப்படிச் சொன்னதோ, அதிகாரி மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டாள். இருவரும் அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்கள். ஜெயிலா? திருப்பி அனுப்பிவிடுவார்களா? அருணா தனியாக வலி எடுத்துக் கிடப்பாளே! இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "எம் புள்ளைக்குப் பிரசவம்மா. என்னய அனுப்பிராதீங்கம்மா."

அதிகாரி சற்று யோசித்தாள். பிறகு மூலையில் இருந்த பெரிய தொட்டியைக் காட்டினாள். போன் சொன்னது: "அதில் போட்டுவிட்டு நீங்கள் போகலாம்."

குப்பைத் தொட்டி. பாதி தின்ற ஆப்பிளும் வாடிய பூவும் கிடந்தன. அவர்களே வாங்கிப் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் கையால் போடச் சொன்னார்கள். முடிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அய்யா, தப்பா எடுத்துக்காத. நீ நம்ம ஊருக்கே போயிரு. தண்டனைன்னா எனக்குக் குடு, அவள விட்டுரு" என்று முணுமுணுத்துவிட்டுக் கையைத் திறந்தாள்.

வெளியே நிலவழகன் பெட்டியை வாங்கிக்கொள்ள ஓடி வந்தான். பின்னால் அருணா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கட்டிக்கொண்டதும் காதோரம் கேட்டாள்: "அய்யனாரு வந்துட்டாராம்மா?"

மகளுடைய உதடு நடுங்குவதை அமிர்தவல்லி பார்த்தாள்.

"வந்துட்டாருடி. பையிலதான் இருக்காரு. புள்ள பொறக்குற வரைக்கும் யாரும் தொட்டுப் பாக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லிவிட்டாரு."

அருணாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காரில் அம்மாவின் தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்த ஊரில் மகளுக்குத் துணை இனி தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது அமிர்தவல்லிக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கைப்பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகள் கண்ணைத் திறந்தால் பார்க்க வேண்டுமே.