பத்தியத்துக்குக் காவலிருந்தேன்

அக்காளின் முதற்குழந்தை பிறந்த இருபத்திரண்டாம் நாள் வயிற்றுப்போக்கால் இறந்தது. பச்சை உடம்போடு அவள் ஒரு துண்டு மாங்காய் தின்றதே அதற்குக் காரணம் என்று எங்கள் வீட்டில் முடிவாயிற்று. ஆகவே இரண்டாம் பேற்றுக்கு அவள் எங்கள் ஊரான மாரியூருக்கு வந்தபோது, அம்மா பத்தியத்தை ஒரு நோன்பாகவே வகுத்துவிட்டாள். புளி இல்லை, பழம் இல்லை, கீரை இல்லை, பச்சையாக எதுவுமே இல்லை. சோறு, பால் ஊறுவதற்குப் பால்சுறா மீன் புட்டு, பூண்டுக் குழம்பு, அதில் எப்போதாவது இரண்டு முருங்கைக்காய்த் துண்டு; அவ்வளவே. மூன்று மாதத்தில் முடியவேண்டிய பத்தியம், ஆண்குழந்தை கொழுகொழுவென்று தேறி வந்ததால் ஐந்தாம் மாதத்துக்கும் நீண்டது. பயன் தருகின்ற ஒன்றை யார்தாம் நிறுத்துவர்?

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விட்டு வந்தபின், அம்மா உப்பளத்திலிருந்து திரும்பும்வரை அக்காளுக்கு நானே காவல். "அவ புளிப்பத் தொட்டா புள்ள போயிரும், பாத்துக்க" என்பது எனக்கு இடப்பட்ட ஆணை. ஓர் உயிர் என் கண்பார்வையில் தங்கியிருக்கிறது என்ற பெருமிதத்தோடு வாயிற்படியில் அமர்ந்திருப்பேன்.

அந்த ஐந்தாம் மாதத்தில்தான் அக்காளின் கணைக்காலில் கடுகளவு செம்புள்ளிகள் தோன்றின, மயிர்க்கால்தோறும் ஒன்றாக. பிறகு தொடையிலும் கைகளிலும் உள்ளங்கை அகலத்தில் கருநீலத் திட்டுகள். அவள் எங்கும் விழவில்லை, எதிலும் மோதவில்லை. பல் துலக்கினால் ஈறுகளில் குருதி கசிந்தது. கால்வலியால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழ இயலவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, "இது பேய் அறைஞ்ச தடந்தான். உச்சி வேளையில கெணத்தடிக்குப் போனாளாக்கும்?" என்றாள். என் தந்தையாகிய அய்யா திருநீறு மந்திரித்து வாங்கி வந்தார். அம்மா பேயை நம்பவில்லை. பத்தியத்தில்தான் எங்கோ பிசகு நேர்ந்துவிட்டது என்று கருதி, அந்த முருங்கைக்காயையும் நிறுத்தினாள். திட்டுகள் பெருகப் பெருகப் பத்தியம் இறுகியது.

ஒரு மாலை, பள்ளி வாயிலில் வாங்கிய உப்பு நெல்லிக்காயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். அக்காள் படுத்தபடியே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏ புள்ள, என்ன திங்கிற? வாயத் தொற."

"ஒண்ணுமில்ல."

"நெல்லிக்கா வாசம் எனக்குத் தெரியாதாக்கும்? ஒரே ஒரு கடி குடுடி."

"நீ தின்னா ஒம்புள்ள செத்துப்போவான்."

"ஆமா, நாலு பெத்தவ சொல்லிட்டா! கொட்டையவாச்சும் குடு, சப்பிட்டுத் தாரேன்."

சிரித்தபடிதான் கேட்டாள். வீங்கிய ஈறுகளுக்கிடையே பற்கள் பாதிதான் தெரிந்தன. நான் தலையை ஆட்டி மறுக்கவே, சிரிப்பு நின்றது. என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "சத்தியமாச் சொல்றேன், உடம்பு கேக்குதுடி" என்றாள். நான் கையை உதறி விடுவித்து, பையிலிருந்த மற்ற இரண்டு காய்களையும் அவள் கண்முன்னே தெருவில் வீசினேன். அம்மா வந்ததும் அனைத்தையும் ஒப்பித்தேன். அம்மா திட்டவில்லை, அழுதாள். "ஒண்ணப் பறிகுடுத்தது பத்தலையா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் அக்காள் எவரிடமும் எதையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அத்தான் துபாயிலிருந்து விடுப்பில் வந்தார். மகனைத் தூக்குமுன் மனைவியின் கைகளைப் பார்த்தார். முகம் கறுத்தது. "யாரு அடிச்சா? உள்ளதச் சொல்லுங்க மாமா" என்றார். அய்யா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கார் பிடிக்கப் போனார்.

இராமநாதபுரத்தில் அக்காளைப் பார்த்த மருத்துவர் நரைத்த தலையுடைய ஒரு பெண்மணி. கண்ணாடித் தகட்டைப் புள்ளிகளின்மேல் வைத்து அழுத்தினார், சிவப்பு மறையவில்லை. குருதி தோலுக்கடியில் கசிந்து நிற்கிறது என்றார். சோதித்துப் பார்த்ததில் குருதி உறைவதில் ஒரு குறையும் இல்லை. பிறகு அக்காளின் ஈறுகளை நெடுநேரம் நோக்கிவிட்டு, அதுவரை எவரும் கேளாத ஒன்றைக் கேட்டார்: இவள் என்ன சாப்பிடுகிறாள்? அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உடன் வந்திருந்த அத்தானிடம் திரும்பினார்.

"இவள யாரும் அடிக்கல. காயும் பழமும் உள்ள போகாததால ரத்தக் கொழாயெல்லாம் நைஞ்சுபோச்சு. இன்னுங் கொஞ்சநாள் விட்டிருந்தா ஆளே தங்கமாட்டா."

மாத்திரையும் பழச்சாறும் கொடுத்த பத்தாம் நாள் அக்காள் எழுந்து நடந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனத்தை விட்டு அகலாதது மருத்துவர் அடுத்துக் கேட்டது.

"ஒரு எலுமிச்ச, ஒரு நெல்லிக்கா, திருட்டுத்தனமாக்கூட வாயில போடலையாம்மா இவ?"

அம்மாவுக்கு அவர் சொன்னதில் பாதிதான் விளங்கியிருக்க வேண்டும். மகளைக் குறைவறக் காத்ததாக நிறுவும் பதற்றத்தில் என்னை முன்னே தள்ளினாள். "இல்லீங்கம்மா. இந்தா, இவதான் காவலு. அக்கா கையப் புடிச்சுக் கெஞ்சினப்பக்கூடக் குடுக்கல. தூக்கி வீசிட்டா."

மருத்துவர் என்னைப் பார்த்தார். என் தலையில் மெல்லக் கையை வைத்தார். அக்காள் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவ்வளவு படித்தவரே என்னை மெச்சிவிட்டாரே என்று பூரித்து, நான் அத்தானை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன்.