ஹுளிப் பிடி போட்ட கோடாலி

1954 ஜூலை 5, திங்கட்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. குடையை விரித்தால் நின்று, மடக்கினால் தொடங்குகிற தூறல். மைசூரில் ஒரு கொல்லர் பட்டறை வாசலில் கையில் ஒரு படத்தோடு நின்றேன்.

படம் எங்கள் அதிகாரி கொடுத்தது. அவரும் தமிழர், வேட்டைக்காரர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்பவர். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் 'டாமஹாக்' என்ற கைக்கோடாலியைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் வெட்டும் வாய், மறுபக்கம் குத்தும் முள். பென்சில் சீவக்கூடப் பியூனைக் கூப்பிடுகிறவருக்கு அது இல்லாமல் காடு போக முடியாதாம்.

"அடுத்த வாரம் புதன்கிழமை காம்ப் போறேன்ரீ. நல்லா செஞ்சு கொண்டாங்க, உங்க விஷயத்தைப் பார்க்கலாம்" என்றார்.

என் விஷயம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது: குண்டலுபேட்டைக்கு மாற்றல். என் மனைவி மைசூரில் ஆஸ்பத்திரி நர்ஸ்; பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளியில். போனால் நான் தனியாகத்தான் போகவேண்டும்.

எனவே படத்தில் பதினோரு அளவுகள் குறித்தேன். பிடி பதினெட்டு அங்குலம், நுனியோடு சேர்த்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கொல்லர் லாரி வில்பட்டை ஒன்றை உலையில் செந்தணலாக்கி அடித்தார். நூற்று நாற்பத்திரண்டு அடி வரை எண்ணினேன். பிறகு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது, பிடிக்குப் புளிய மரம்தான் வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னேன்.

என் கன்னடத்துக்கு ஒரே விதி: தமிழில் 'ப' வந்தால் 'ஹ' போடு. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. பதினேழு வருடம் அந்த விதியை வைத்துச் சமாளித்தவன், பிடியை ஹிடியாக்கி, புளியை ஹுளியாக்கி, "ஹுளி ஹிடி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நடந்தேன்.

புதன் காலை போனேன். கோடாலி அருமை. வாய் என் முழங்கை மயிரைச் சத்தமில்லாமல் எடுத்தது. முள் நேர். பிடி நுனியில் மட்டும் செதுக்கிய ஒரு புலித்தலை, மஞ்சள் பூசி, கறுப்புக் கோடு போட்டு, வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு பல்.

"நீவே ஹேளிதிரல்லா ஸ்வாமி, ஹுலி ஹிடி அந்த!" என்றார் கொல்லர் பெருமையாக. நானேதான் புலிப் பிடி கேட்டேனாம். கன்னடத்தில் ஹுளி என்றால் புளிப்பு. மரத்துக்குப் பெயர் ஹுணசே. புளித்த பிடி யாருக்கு வேண்டும், தமிழன் நாக்கு ஹுலியைப் புரட்டிவிட்டது என்று அந்த நல்ல மனிதர் திருத்திக்கொண்டிருக்கிறார்.

போன மாதம்தான் எங்கள் வேட்டைக்காரர் காட்டில் புலி உறுமல் கேட்டு, மரமேறி, ஐந்து மணி நேரம் இறங்காமல் இருந்தார். ஆபீசில் சிரிக்காதவர் அவர் ஒருவரே.

"தலையை அறுத்துடுங்க" என்று கைச்சாடையோடு கெஞ்சினேன். கொல்லர் என் படத்தை விரித்து, பதினெட்டு என்று நான் இரண்டு கோடு போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். அளவு குறைந்தால் வேலைக்கு அவமானம் என்று மறுத்துவிட்டார். பதினோரு மணிக்கு ஜீப் கிளம்புகிறது. அப்படியே கொண்டுபோனேன்.

அதிகாரி புலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற பியூன் இருமினான். அது இருமல் இல்லை.

"ஏன்ரீ, மரமேறினவனுக்குப் புலிப் பிடியா? கிண்டலா?"

"சார், அது புளிங்க சார்..."

"என்னய்யா புளி? ரசமா வைக்கப் போறேன்?"

ஜீப்பில் ஏறுமுன் கையெழுத்துப் போட்டார். கோடாலியையும் எடுத்துக்கொண்டார், காசு கொடுக்காமல்.

மனைவி பெட்டியில் என் வேட்டிகளை மடித்து வைத்தாள். "கன்னடம் பேசாம, வாசல்ல நிக்கிற மரத்தைக் கையால காட்டியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். பட்டறை வாசலில் புளியமரம் இருந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை.

குண்டலுபேட்டையில் இருபத்தெட்டு மாதம் இருந்தேன். அறை வாடகை மாதம் பன்னிரண்டு ரூபாய். பிள்ளைகளைப் பார்க்க மைசூருக்கு வந்துபோன சனிக்கிழமைகள் நூற்றுப் பன்னிரண்டு, தடவைக்கு இரண்டரை ரூபாய். கோடாலிக்குப் பதினாலரை. ஆக மொத்தம் அறுநூற்று முப்பது ரூபாய் எட்டணா.