அப்பாவின் பெயருக்குக் கீழே

இந்த நேரத்தில் நம் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

றெஜினா அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் அல்போன்ஸ் அண்ணையே போனில் பேசினார். "அக்கா போயிட்டா பிள்ளை. தேத்தண்ணி கேட்டவ. நான் கொண்டு வாறதுக்கிடையில..." அவர் அழுதார். என் வாயில் வந்து நின்ற கேள்வியோ அக்கா வரைந்த படத்தைப் பற்றியது. கேட்கவில்லை. ஆனாலும் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

லண்டன் எட்மண்டனில் அக்காவின் தையல்கடைக்குப் போன எல்லோருக்கும் அந்தப் படம் தெரியும். மன்னார்க் கடலோரத்து நினைவுச் சிற்றாலயம். பாரிசிலிருந்து இங்கே வந்த நாள் முதல் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தார்.

"ஓடு சிவப்பெல்லோ அக்கா? ஏன் நீலம் அடிச்சனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சிவப்பு முடிஞ்சுது. நீர் போய்ப் பாத்திட்டு வந்து பிழை சொல்லும்" என்றார், குண்டூசியைப் பல்லில் கடித்தபடி.

நம்மில் யார் கேட்டாலும், இறந்தவரின் பெயரை அந்தச் சுவரில் எறும்பளவு எழுத்தில் எழுதுவார். காணாமல் போனவர்களுக்குப் பெயர் இல்லை. வாசற்படியில் ஒரு மெழுகுதிரி மட்டும். "தெரியாததை எழுத ஏலாது. அவை வந்து பாத்தால் என்ன நினைப்பினம்?" என்பார்.

என் அண்ணனுக்கும் ஒரு மெழுகுதிரி இருந்தது. மரித்தோர் திருநாள் பூசைக்கு அம்மா அவன் பெயரை ஒருபோதும் கொடுத்ததில்லை. "என்ர பிள்ளை செத்தவனெண்டு ஆர் கண்டது?" என்பார்.

அக்கா போவதற்கு இரண்டு வாரம் முன்பு மகனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் நான் கண்மூடவில்லை. அந்தக் களைப்போடு கடைக்குப் போய்ச் சொன்னேன்: "காத்திருந்து ஏலாமல் போச்சு அக்கா. அண்ணான்ர பேரை, அன்ரன் எண்டு, அப்பான்ர பேருக்குக் கீழ எழுதிவிடுங்கோ."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாட்டைக் கேட்டனீரோ?"

"ஓம்" என்று பொய் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அண்ணனின் பெயரைத்தானே மகனுக்கும் வைத்திருக்கிறேன்! வேண்டாமென்று சொல்ல இரண்டு முறை போனேன். அக்காவுக்குச் சுகமில்லையென்று கடை பூட்டியிருந்தது. போனில் சொல்ல வெட்கம். அன்றிலிருந்து மகன் இருமினாலே எழுந்து மூச்சைப் பார்க்கிறேன். படித்தவள்தான், பயம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் திருப்பலி. படத்தை மண்டபத்தில் மாட்டப்போகிறார்கள். கிங்ஸ்பரியிலிருந்து அம்மா வருகிறார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசிப்பார். நேற்றுத்தான் துணிந்து அல்போன்ஸ் அண்ணையிடம் கேட்டேன். சட்டம் போட யாரோ கொண்டுபோனார்கள், யாரென்று நினைவில்லை என்றார்.

மகனின் குளிர்ச்சட்டைக்கு அக்கா மாற்றித் தந்த சிப் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதுவும், "அம்மாட்டைக் கேட்டனீரோ" என்ற அந்தக் கேள்வியும்தான் அவரிடமிருந்து என்னோடு இருப்பவை.

படம் உங்களில் யாரிடம் இருந்தாலும், வாசலுக்கு இடப்பக்கம், என் அப்பா சூசைப்பிள்ளையின் பெயருக்குக் கீழே பாருங்கள். அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.