பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்த பத்திரிகை

அறுபதுகளில், தமிழ் படிக்க அண்ணாமலை நகருக்கு வந்திருந்த வெளிநாட்டு யூதர் ஒருவருக்கு நான் ஒரு வருஷம் சமைத்துப் போட்டேன். செம்பட்டைத் தாடி. உடைந்த மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். மேடையில் பேசுகிற மாதிரித்தான் வீட்டிலும் தமிழ் பேசுவார். காலையில் பழுப்பேறிய ஓர் எபிரேயப் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிப்பார். கைதவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்.

ஒரு நாள் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேசக் கடலூருக்குக் கிளம்பியவர், அதைக் காணாமல் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார். வேறு பிரதி கிடைக்காதாம்.

“அம்மா, என் நூலைக் கண்டீர்களா?”

“சாமி புஸ்தகம் தரையில கெடந்துச்சு. புள்ளையாருக்குப் பக்கத்துல வச்சிட்டேங்க.”

சமையலறை மாடத்தில், மேலே ஓர் அரளிப்பூவோடு இருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பியது.

“இது வேதம் அன்று. எங்கள் முப்பாட்டனார் காலத்துப் பத்திரிகை.”

“அப்புறம் எதுக்குங்க முத்தம்?”

“எழுத்து வேதத்தின் எழுத்து அல்லவா? அந்த எழுத்தில் அம்மைத் தடுப்பு, வானசாஸ்திரம் எல்லாம் எழுதலாமா என்று எங்கள் அக்காலச் சமயப் பெரியவர்கள் சினந்தார்கள்.”

“அதுக்கா கோவம்? எங்க ஊர்ல மாரியாத்தா கோயில்ல வச்சுத்தானே அம்மை ஊசியே போட்டாங்க.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வெட்கப்பட்டு, பூவை எடுக்கப் போனேன்.

“இருக்கட்டும். ரயிலுக்கு நேரம் இருக்கிறது” என்று சாப்பிட உட்கார்ந்தார்.

கிளம்பும்போது பூவையும் சேர்த்துத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். பத்திரிகைக்குப் பூ எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.