காணாமற்போன கோட்டைத் தாள்

சென்னையிலிருந்து கப்பலில் வரும் வார இதழ் ஒன்றை மூன்று வீட்டார் கூட்டாக வாங்கிப் படித்து வந்தார்கள். மூவரும் ஃபேரர் பார்க்கை ஒட்டிய ஒரே கடைவீட்டின் மாடியில் குடியிருந்தவர்கள். இதழ் முதலில் சுவிசேஷமுத்துவின் கைக்கு வரும். அவர் துறைமுகக் கிடங்கில் சரக்குக் கணக்கர். சரித்திரத் தொடர் படிப்பவர். அடுத்து, ஜாலான் புசார் இரும்புக்கடையில் வேலை பார்த்த கோவிந்தசாமி. அவருக்குத் துப்பறியும் தொடர்தான் உயிர். கடைசியாக, கணவனை இழந்த தையல்காரி முத்தாயி. பகலெல்லாம் தையல் இயந்திரத்தை மிதித்துவிட்டு, அந்திக்குப் பின் குடும்பத் தொடரை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பாள்.

மூவரும் படித்து முடித்ததும் இதழ் மறுபடி சுவிசேஷமுத்துவிடமே வந்து தகரப்பெட்டிக்குள் அடங்கும். அந்தப் பெட்டியில் அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய சீட்டு முதல் போன மாதத்து மண்ணெண்ணெய் ரசீது வரை அத்தனையும் இருந்தன. பள்ளிக்கூட வாசலை மிதியாதவர் அவர். மூட்டைகளில் அச்சிட்டிருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித் தமிழ் கற்றவர். ஆகவே அச்சேறிய தாள் எதுவும் அவருக்குக் குப்பையாகத் தோன்றியதில்லை.

ஒரு தொடர் முடிந்தால், அதன் பக்கங்களை இரும்பு அடிக்கோல் வைத்து வெட்டி, மூலையில் நீலப் பென்சிலால் எண்ணிட்டு, நூலால் கட்டி உரியவரிடம் கொடுப்பார். அவரவர் அதைப் பைண்டிங் செய்துகொள்ள வேண்டியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கதை முடியும் தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கதை தொடங்கியிருக்கும். அதற்கும் அவர் விதி வைத்திருந்தார். அத்தகைய தாள் சரித்திரத்துக்கே சேரும். மறுபக்கத்துக் கதையை அவரே முத்து முத்தாகக் கையால் எழுதிக் கொடுப்பார்.

"சரித்திரம் நிலைக்கும் முத்தாயி. உன் அழுகைத் தொடர் அடுத்த வாரம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்பார்.

"எனக்கு இருக்கும் அண்ணே" என்று சிரித்துவிட்டு, கைப்பிரதியை வாங்கிக்கொள்வாள்.

இதழ் வரும் நாளிலெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டு, அவர் முதலில் புரட்டியது அந்த அழுகைத் தொடரைத்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

குடும்பத் தொடர் முடிந்து ஆறு மாதம் கழித்துச் சரித்திரத் தொடரும் முடிந்தது. சுவிசேஷமுத்து வெட்டி அடுக்கினார். முற்றுகையின் உச்சத்தில், கோட்டைக் கதவு திறக்கும் தாளைக் காணவில்லை. அது இருந்த இதழில், மடிப்பை ஒட்டி நேராக வெட்டிய விளிம்புதான் மிஞ்சியிருந்தது. அவருக்கு நெஞ்சு கொதித்தது. இத்தனை வருடம் மற்றவர்களுக்காக உழைத்ததற்கு இதுவா பலன் என்று கோவிந்தசாமியிடம் போய்ப் பொருமினார்.

கோவிந்தசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படியொரு நாளுக்காகவே அவர் காத்திருந்தது போலிருந்தது. "பதறாதீங்க அண்ணே. இதழ் யார் யார் கையில இருந்துச்சு?"

"என் கையில, உங்க கையில, முத்தாயி கையில."

"காணாமப்போன தாளோட பின்பக்கம் என்ன கதை?"

சுவிசேஷமுத்து பக்க எண்களைக் கணக்கிட்டுப் பார்த்தார். "அழுகைத் தொடரோட கடைசி அத்தியாயம்."

"வெட்டு எப்படி?"

"கோடு போட்டாப்பல நேரா."

"தையக் கத்திரி லா! அப்புறம் என்ன சந்தேகம்?"

இரும்பு அடிக்கோல் அப்போது சுவிசேஷமுத்துவின் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், மாடிநடையில் எல்லார் காதிலும் விழும்படி முத்தாயியை விசாரித்தார்கள்.

"அந்தத் தாளு எங்கிட்டதான் இருக்கு" என்றாள் முத்தாயி. "நீங்க கொடுத்த கட்டுலதான் வந்துச்சு. மொத்தமா பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கேன்."

"நானா? ரெண்டு பக்கமும் கதை இருக்கிற தாளை நான் என்னைக்காவது கொடுத்ததுண்டா? கையால எழுதித்தானே கொடுப்பேன்?"

"அண்ணன் அப்படித் தவறமாட்டாரே முத்தாயி" என்றார் கோவிந்தசாமி.

"அப்ப நான் திருடிட்டேங்கிறீங்க."

"அந்த வார்த்தையை நான் சொல்லல. ஆதாரம் சொல்லுது" என்றார் சுவிசேஷமுத்து. அந்த வாக்கியத்தின் கட்டுமானம் அவருக்கே பிடித்திருந்தது.

அந்த வாரத்திலிருந்து முத்தாயி வீட்டுக்கு இதழ் போகவில்லை. பேச்சு மாடியோடு நிற்கவும் இல்லை. தாளை வெட்டி எடுப்பவள், ரவிக்கைக்குக் கொடுத்த துணியில் மிச்சத்தைத் திருப்பித் தருவாளா என்று யாரோ கேட்க, துணி கொடுத்துவந்த வீடுகள் ஒவ்வொன்றாக விலகின. சுவிசேஷமுத்து இதைக் கேள்விப்பட்டார். நியாயம் தன் வழியில் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

நான்கு மாதம் சென்றது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், வேட்டி தேடி அலமாரியைத் திறந்தவர், மனைவி ஜோசபினின் சேலைகளுக்கு அடியில் சிவப்பு அட்டை போட்ட புத்தகமொன்றைக் கண்டார். முத்தாயியின் குடும்பத் தொடர். ஜோசபின் அவளோடு பேச்சை நிறுத்தியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். அவருடைய கைகளோ நேராகக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தன. தம்பிகளை ஆளாக்குவதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட ஒருத்தியை, அந்தத் தம்பிகளே மணமேடைக்குக் கைபிடித்து அழைத்து வரும் கட்டம் அது.

பாதி படிக்கும்போது மூலையில் கண் பட்டது. பைண்டர் ஓரம் வெட்டியதில் பாதி போக, மீதி நின்ற ஓர் எண். நீலப் பென்சில். கிடங்கில் சரக்குக்குக் குறியிடும் பென்சில். அந்த மாடியில் அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்த பென்சில். தாளைத் திருப்பினார். கோட்டைக் கதவு திறந்துகொண்டிருந்தது.

அப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. குடும்பத் தொடரைக் கட்டிய அன்று இந்த அத்தியாயத்தை மறுபடி படித்திருந்தார். நாகப்பட்டினத்தில் தன்னைக் கப்பல் ஏற்றிவிட்ட அக்காளின் முகம் தாளுக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றது. அவளுக்கு அவர் பிறகு ஒரு வரி எழுதியதில்லை. தேம்பிக்கொண்டிருந்தபோது ஜோசபினின் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாக வெட்டி, எண்ணிட்டு, முத்தாயிக்கான கட்டுக்குள் செருகினார். பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முத்தாயி சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை.

உடம்பு கூசியது. பைண்டர் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே இன்னும் கேவலமாக இருந்தது.

"படிச்சாச்சா?" வாசலில் ஜோசபின் நின்றாள்.

"எதை?"

"அழுகைத் தொடரைத்தான். வாராவாரம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இதழைக் கொண்டுபோய்க் கொடுப்பீங்களே, எனக்குத் தெரியாதா?"

"இந்த நம்பரை நீ பாத்தியா?"

"பாத்தேன். முத்தாயியும் பாத்தா. நீங்களா பாக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

இரண்டு பெண்கள் மாதக்கணக்காகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தினமும் காலையில் மாடிநடையில் முத்தாயியைக் கண்டதும் தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையும் சேர்த்து.

மறுநாள் அதே மாடிநடையில், அதே மனிதர்கள் நடுவே புத்தகத்தை ஏந்தி நின்றார். "பைண்டரு..." என்று நாக்கு தானாகத் தொடங்கியது. நீல எண்ணைப் பார்த்தார். "பைண்டர் இல்ல. நான்தான் வெட்டினேன், நான்தான் கொடுத்தேன். முத்தாயி மேல எந்தத் தப்பும் இல்ல."

கோவிந்தசாமியின் முகம் விழுந்தது. அவருடைய முதல் வழக்கு அல்லவா. "எப்படி அண்ணே? ரெண்டு தடவ பாக்காம ஆணிகூட அடிக்கமாட்டீங்களே?"

"கண்ணு தெரியல."

"கண்ணாடி போடலியா?"

"போட்டிருந்தேன். அழுதுக்கிட்டிருந்தேன்."

"இந்தக் கதைக்கா?"

"வாராவாரம்."

கோவிந்தசாமி வெடித்துச் சிரித்தார். சமையற்கட்டிலிருந்தும் சிரிப்பு கேட்டது. முத்தாயி சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கித் தன் முந்தானையால் துடைத்தாள்.

"மன்னிச்சிரு முத்தாயி. இந்த வாரத்திலிருந்து இதழ் முதல்ல உன் வீட்டுக்குத்தான்."

"இதழ் கிடக்கட்டும் அண்ணே. துணி கொடுத்த வீடு மூணு போச்சு. அங்க வந்து இதைச் சொல்லணும்."

"சொல்றேன்."

"அழுததையும் சொல்லணும். இல்லாட்டி நீங்க வெட்டுல தவறினீங்கன்னு யாரும் நம்பமாட்டாங்க."

ஆதாரம் அவள் பக்கம் இருந்தது.

அன்று மாலையே இருவரும் புறப்பட்டார்கள். புத்தகம் முத்தாயியின் கையில். அதை அவரிடம் தர அவள் மறுத்துவிட்டாள். ரேஸ் கோர்ஸ் சாலையில் முதல் வீட்டின் கதவைத் தட்டினார்கள். திறந்த அம்மாள் முத்தாயியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரிடம் என்ன விஷயம் என்று கேட்டாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சுவிசேஷமுத்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"நான் குடும்பக் கதை படிக்கிறவன்ம்மா" என்று ஆரம்பித்தார்.