கணேசமூர்த்தியும் அம்மாக்கண்ணுவின் மெமரி கார்டும்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் அண்ணன் கணேசமூர்த்தி இறந்துவிட்டார். நெஞ்சுவலி. வயது முப்பத்தெட்டு.

மஸ்கெலியா பஜாரில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்தார். ஆனால் அவருக்குப் பிடித்தது பழைய கேம் மெஷின்கள். டிஸ்க் படிக்காமல் போன மெஷினின் மெமரி கார்டில் ஒரு சின்ன புரோகிராமை எழுதி வைப்பார். மெஷின் முதலில் கார்டைத்தான் பார்க்கும். அதில் ஏமாந்து, பென் டிரைவில் இருக்கும் கேமைத் திறந்துவிடும்.

தொடக்கத்தில் எங்கள் லயத்து நல்லமுத்துவின் கார்டை வீட்டில் வைத்து மாலை ஐந்தரைக்கு எழுதினார். தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பியவர்கள் லயத்தின் பன்னிரண்டு வீட்டிலும் ஒன்றாகத் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தல் போட்டார்கள். கரண்ட் இறங்கி மெஷின் பாதியில் நின்றது. கார்டில் சேமித்திருந்த ஆட்டமெல்லாம் போயிற்று. அதன் பிறகு, ஆட்கள் மலையில் கொழுந்து எடுக்கும் காலை பத்து மணிக்குத்தான் கார்டில் எழுதுவார். அதற்கு முன் உள்ளதைப் பிரதி எடுத்துவிடுவார்.

போன வாரம் பக்கத்து லயத்து அம்மாக்கண்ணு அக்கா டிஸ்க் படிக்காத மெஷினைத் தூக்கி வந்தார். மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போனது. அதில் விவசாயம் செய்யும் கேமை மூன்று வருடமாக ஆடுகிறார்.

"பகலெல்லாம் கொழுந்து எடுத்தது பத்தாதாக்கா? வீட்டுக்கு வந்து தக்காளி வேற நடுறீங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"அது தொரை தோட்டம் தம்பி. இது ஏந் தோட்டம். நாலு மாடு நிக்கிது. ஒண்ணு கொறைஞ்சாலும் ஒன்ன விடமாட்டேன்."

"மாட்டுக்குப் புல்லு ஒங்க வீட்டுக்காரரா போடுறாரு?"

"அந்தாளு வீட்டுக்குத் தண்ணியே தூக்க மாட்டாரு!"

செவ்வாய்க்கிழமை கார்டில் இருந்த அக்காவின் தோட்டத்தைப் பென் டிரைவில் பிரதி எடுத்தார். கார்டில் இடம் போதவில்லை. புதன் காலை பத்துக்கு அதை முழுக்க அழித்து, புரோகிராமை எழுதினார். கேம் திறந்தது, வெறும் நிலம் மட்டும் தெரிந்தது. அதற்குள் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். "மிச்சத்த நாளன்னைக்குப் பாத்துக்கிறேன்" என்று ஓடினார். வியாழன் மாலை கடையிலேயே விழுந்தார்.

இன்று அக்கா வந்து வாசலில் வெகுநேரம் நின்றார்.

"டீச்சர், இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். எந் தோட்டம் இருக்கா, போயிருச்சா?"

"இருக்குக்கா" என்றேன், பார்க்காமலே.

அவர் போன பிறகு பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். அக்காவின் தோட்டம் செவ்வாய்க்கிழமைத் தேதியுடன் இருக்கிறது. கார்டுக்கு இன்னும் மாற்றப்படவில்லை.