சான்றிதழில் பட்ட மஞ்சள்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அப்பா அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிடுவார். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது எல்லார் வீட்டு வழக்கம். அப்பா அதோடு நிற்கமாட்டார். காலண்டர், கேஸ் அடுப்பு, என் பாடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரு முறை புதுச் செருப்பை நோக்கிக் கை போனபோது அம்மா பிடித்துத் தடுத்தாள். அதுவும் கடை மஞ்சள் இல்லை, பெருமாள் கோயில் தாயார் சன்னதியில் பிரசாதமாகக் கொடுக்கிற மஞ்சள். அதனால் அம்மாவின் பட்டச் சான்றிதழ் வந்த அன்று அவர் என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அம்மா பத்தாவது முடித்த கையோடு கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவள். ஹைஸ்கூல் டீச்சராக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் படிக்கலாம் என்று யாரோ சொல்ல, அப்பா சேர்த்துவிட்டார். மாவு அரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அவள் வரலாறு படித்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்த அரசருக்குப் பின் எந்த அரசர் என்பது எனக்கே பாதி மனப்பாடம்.

பக்கத்துப் போர்ஷனில் பெரியம்மா இருந்தார், அப்பாவுடைய அண்ணன் மனைவி. அவர் பிளஸ் டூ பாஸ். அதை அவர் மறந்ததே இல்லை. "பத்தாவதோட நின்னவ டீச்சராமே, நாங்கல்லாம் அப்ப கலெக்டர் ஆயிருக்கணும்" என்பார். பட்டம் கையில் வந்ததும் அவரே வாய் நிறைய டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். தெருவும் கூப்பிட்டது. இனி பி.எட். ஒன்றுதான் பாக்கி.

கல்லூரியில் சேரப் போன அன்று எனக்கு லீவு. மூவரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண் அம்மாவின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒரிஜினல்ல போய் மஞ்சளா? வாங்கிக்க மாட்டாங்களே" என்றாள். அப்பாவின் முகம் செத்துவிட்டது. அம்மா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் பரவியது. எங்கள் முறை வருகிற வரைக்கும் அப்பா "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த மேடம் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். அப்பா முந்திக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டார்.

"மஞ்சள் இருந்தா பரவாயில்லைங்க" என்றார் மேடம். அப்பா மூச்சு விட்டார். "பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் குடுங்க."

"பிளஸ் டூ படிக்கலைங்க மேடம். நேரா டிகிரி" என்றாள் அம்மா.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பத்தாவது, பிறகு பிளஸ் டூ, பிறகு பட்டம், இந்த வரிசையில் படித்தவர்களைத்தான் பி.எட்.டில் சேர்க்க முடியும் என்று நிதானமாகச் சொன்னார். இப்போது பிளஸ் டூ எழுதிவிட்டு வந்தால் ஆகாதா என்று அப்பா கேட்டார்.

"எழுதலாம். ஆனா அதுக்கப்புறம் டிகிரியை மறுபடி முதல்லேருந்து படிக்கணுங்க. வரிசை மாறக் கூடாது."

"படிச்சதையேவா?" என்றார் அப்பா.

மேடம் தண்ணீர் பாட்டிலை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா அதைத் தொடவில்லை. அழவும் இல்லை. கண் இமைத்தாளா என்றுகூட எனக்குச் சந்தேகம். பக்கத்தில் நின்ற எனக்குப் புரியவில்லை. எழுதி பாஸ் செய்த பரீட்சை எப்படி இல்லாமல் போகும்? கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவரைப் பார்த்து, நீ கிழக்கு வாசல் வழியாக வந்தாய், அதனால் கும்பிட்டது செல்லாது என்று சொன்ன மாதிரி இருந்தது. கடைசியில் அம்மா, "சரிங்க மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ராஜகோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் நிறையப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மாவின் கை பையை விட்டு எழவில்லை.

வாசலிலேயே பெரியம்மா நின்றிருந்தார். "என்ன டீச்சர், எப்பலேருந்து காலேஜ்?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, "காலேஜ் எங்க அண்ணி, நான்தான் கெடுத்துட்டேனே. ஒரிஜினல்ல மஞ்சள் தடவிட்டேன். செல்லாதுன்னுட்டாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள் பரவாயில்லை என்று மேடம் சொன்னதை என் காதால் கேட்டேனே. பெருமாளைச் சேவிக்காமல் காபி குடிக்காத அப்பா, நடுவாசலில் நின்று பொய் சொல்கிறார். அம்மாவும் பேசாமல் நிற்கிறாள்.

"ஏன் தம்பி, படிச்சவ சர்டிபிகேட்டுல யாராவது கை வைப்பாங்களா? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று பெரியம்மா பிடித்துக்கொண்டார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். பிறகு தெருவே கேட்டது. அவர் கடைக்குப் போகும்போது, "மஞ்சள் டப்பா எடுத்துக்கிட்டீங்களா?" என்று வாசலுக்கு வாசல் கிண்டல். அவரும் சிரித்துக்கொண்டே போவார். அம்மாவைப் பார்த்தால் மட்டும், "பாவம் டீச்சர், நல்லாப் படிச்சும் இப்படி ஆயிடுச்சே" என்பார்கள்.

நான் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். "மஞ்சள் மேல பழியைப் போட்டா மஞ்சள் கோவிச்சுக்காதும்மா" என்றார். எனக்கு அதில் சமாதானமில்லை. அது தாயார் மஞ்சளாயிற்றே.

அந்த வெள்ளிக்கிழமை தாயார் சன்னதியில் அம்மா எனக்கு முன்னால் நின்றிருந்தாள். அர்ச்சகர் கொடுத்த மஞ்சளை நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியை வழக்கம்போல் அப்பாவின் டப்பாவுக்கென்று காகிதத்தில் மடித்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பா பொய் சொல்லிவிட்டார், அவரை மன்னித்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

அம்மா பி.எட். சேரவே இல்லை. தெருவில் இன்றைக்கும் அவள் டீச்சர்தான். அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று தாயாருக்கு அன்றே தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்குத்தான் தெரியவில்லை.